எம்.எஸ்சி. சைக்காலஜி: சேர்வதற்கு முன்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் தவறாமல் காட்டும் சிற்பம் ரிஷபகுஞ்சரம். உடல் இரண்டு, தலை ஒன்று. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் காளை. கையை மறுபக்கம் நகர்த்தினால் அதே தலை யானையின் தலையாகிவிடும். கல்லில் எதுவும் மாறவில்லை, பார்ப்பவருக்குத்தான் மாறுகிறது. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இது. உளவியல் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும், வாத்தாகவும் முயலாகவும் மாறித் தெரியும் படத்தை உளவியலாளர் ஜோசப் ஜாஸ்ட்ரோ எடுத்துப் பேசியது 1899-ல். இடையில் ஏழு நூற்றாண்டுக்கு மேல்.

இந்தச் சிற்பத்தை வைத்தே முதுநிலை உளவியல் என்றால் என்ன என்று சொல்லிவிடலாம். ஒரே உருவம் இரண்டாகத் தெரிவது இளநிலையிலேயே பாடமாக வந்துவிடும். முதுநிலையில் அதற்கு அடுத்த கேள்விகள் வருகின்றன. வருகிறவர்களில் எத்தனை பேர் முதலில் காளையைப் பார்க்கிறார்கள்? நந்தியைக் கும்பிட்டுவிட்டு வந்தவருக்குக் காளை முந்திக்கொள்ளுமா? சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வித்தியாசம் உண்டா? எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? “காளை தெரிகிறதா?” என்று கேட்டாலே பதிலை நாமே வாயில் ஊட்டிவிட்டோமே, அப்படியானால் எப்படிக் கேட்பது? இரண்டு வருடப் படிப்பில் பெரும்பகுதி இந்தமாதிரிக் கேள்விகளோடு மல்லுக்கட்டுவதுதான்.

இதைச் செய்துகாட்டிய பழைய உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1901-02ல் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் பார்வைச் சோதனைகள் நடத்தினார். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி, மற்றொன்றில் வெளிநோக்கி. ஒன்று நீளமாகத் தெரியும். முல்லர்-லையர் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் இந்த மாயத்தோற்றத்தை இன்றும் ஆய்வுக்கூடத்தில் முதல் செய்முறையாக வைக்கும் கல்லூரிகள் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் அதில் ஏமாறவில்லை. ஆனால் படுக்கைக் கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் ஒப்பிடும் இன்னொரு சோதனையில் அவர்களே கூடுதலாக ஏமாந்தார்கள். ஆக, “இந்த இனத்தார் பார்வையில் மட்டம்” என்றோ “கூர்மை” என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தச் சோதனை, யாருக்கு, என்ன சூழலில் என்று பிரித்துத்தான் பேச வேண்டும். அப்படிப் பிரித்துப் பேசும் பழக்கம் வந்துவிட்டால் முதுநிலைக்கு வந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்பேன்.

ஊரில் இந்தப் படிப்பைப் பற்றி நிலவும் எண்ணம் வேறு. சைக்காலஜி படிக்கிற பெண் கல்யாண வீட்டுக்குப் போனால், “என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்” என்று அத்தையும் மாமாவும் சூழ்ந்துகொள்கிறார்கள். முகத்தைப் பார்த்து மனதைப் படிப்பது இதில் கிடையாது. ஹிப்னாடிசம் கற்றுத் தருவதும் இல்லை. ஆறுதலாகப் பேசத் தெரிந்தால் போதும், மார்க் தானாக வரும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள்தான் முதல் செமஸ்டரிலேயே தடுமாறுகிறார்கள். ஏனென்றால் அங்கே காத்திருப்பது புள்ளியியல்.

பெரும்பாலும் இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். அறிதல் உளவியல், ஆளுமைக் கோட்பாடுகள், நரம்பு உளவியல், மனநோய்க் குறியியல், உளச்சோதனைகள், ஆலோசனை முறைகள், ஆய்வு முறையியல், புள்ளியியல். இவற்றோடு களப்பயிற்சி, கடைசியில் ஆய்வேடு. பெயர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். பி.ஏ., பி.எஸ்சி. உளவியல் முடித்தவர்களை மட்டும் சேர்க்கும் இடங்களும் உண்டு, வேறு பட்டம் பெற்றவர்களைச் சேர்க்கும் இடங்களும் உண்டு. வேறு பாடத்திலிருந்து வருகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் முதல் ஆறு மாதம் இளநிலைப் புத்தகங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் ஒரு சுமை. அது நாளாக நாளாகக் குறையும். பின்னால், தமிழில் பேசும் நோயாளியின் எதிரே உட்காரும்போது, அந்தத் தமிழ்வழிப் படிப்பே பெரிய பலமாக நிற்கும்.

புள்ளியியல் எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு கற்பனை ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். தாராசுரத்தில் பட்டுத்தறி ஓசை கேட்கும் தெருக்கள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக நெசவு செய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வாழும் ஊர். “கைத்தறி நெசவாளர்களிடம் மனச்சோர்வு” என்று ஒரு மாணவி தலைப்பு எடுக்கிறாள். தறிக்கூடங்களுக்குப் போய் நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுக்கிறாள். எதிர்பார்த்ததைவிடச் சோர்வு குறைவாக வருகிறது. “நெசவு மனதுக்கு நிம்மதி தருகிறது” என்று முடிவு எழுதலாமா?

கூடாது. தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் தறியை விட்டுவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போயிருக்கலாம். அவள் கேட்டது தங்கியவர்களிடம் மட்டும். போனவர்களின் கதை அந்த நூறு தாளில் இல்லை. ஒருவேளை சோர்வு அதிகமாக வந்திருந்தாலும் அதற்குக் காரணம் தறியா, கடனா, முதுகுவலியா, தூக்கமின்மையா என்று ஒரே கணக்கெடுப்பில் சொல்ல முடியாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறி இறங்குவதை வைத்து ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது என்பதை வகுப்பில் நூறு முறை சொல்வார்கள். தன் கையால் தரவு திரட்டி, தான் ஆசைப்பட்ட முடிவு கைநழுவிப் போவதைப் பார்க்கும்போதுதான் அது மண்டையில் ஏறும்.

இந்தமாதிரி ஆய்வுகளில் அதிகம் பயன்படும் பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்துக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று பொருள். ‘மனச்சோர்வு நோய் இருக்கிறது’ என்று அதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்பது. கேள்வித்தாளைக் கொடுக்கும் முன்பே மாணவி ஒன்றைத் தீர்மானித்திருக்க வேண்டும்: அந்த இடத்தில் யாராவது நினைப்பு வந்ததாகக் குறித்தால் அன்றே என்ன செய்வேன், யாருக்குச் சொல்வேன், எங்கே அழைத்துப்போவேன்? ஆய்வு அறக்குழு இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்து, ஒரு மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போது அந்தக் குறியைப் பார்ப்பது பெரும் தவறு. நம் கல்லூரிகளில் இந்த விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து உளச்சோதனைகள். ஒரே ஒரு சோதனையை அருகில் வைத்துப் பார்ப்போம். செகுவின் படிவப் பலகை. மரப்பலகையில் பத்துக் குழிகள்: வட்டம், முக்கோணம், சதுரம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அவற்றில் பொருந்தும் பத்து மரத்துண்டுகளைக் குழந்தையின் முன் அடுக்கி வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பொருத்தச் சொல்ல வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச். மூன்று முறை செய்யவைத்து, மூன்றில் மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொண்டு, அட்டவணையைப் பார்த்து மனவயதைக் கணிக்க வேண்டும்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குழந்தை நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும். அம்மாவின் விரல் தானாக நீளும், “அங்க வைடா கண்ணு.” அந்த ஒரு விரலால் நேரம் குறைந்துவிடும், மனவயது ஏறிவிடும், சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்காமல் போய்விடும். மறுபக்கம், பசியோடு வந்த குழந்தை, ஊசி போட வந்திருக்கிறோம் என்று பயந்து அழும் குழந்தை, துண்டைத் தொடவே மாட்டாள். அப்போது எழுதும் எண் அவளுடைய அறிவை அளக்கவில்லை. அம்மாவை எங்கே உட்காரவைப்பது, எப்போது சோதனையை ஒத்திவைப்பது, எந்த வார்த்தையில் அறிவுறுத்துவது என்பதெல்லாம் மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்து திருத்தித் திருத்தித்தான் படியும். புத்தகம் படித்து வராது.

அந்த அட்டவணை யாரை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்ற கேள்வியும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் அறிவுத்திறனை மொழிவழிச் சோதனையால் அளந்தால் படிப்பைத்தான் அளக்கிறோம். இதற்காகவே சி.எம். பாட்டியா 1955-ல் பெரும்பாலும் கட்டைகளையும் படங்களையும் வைத்துச் செய்யும் ஐந்து சோதனைகளின் தொகுப்பை உருவாக்கினார். பாட்டியா பேட்டரி என்று அதை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். வெளிநாட்டு மதிப்பெண் அளவை அப்படியே நம் குழந்தைகளின் மேல் போட முடியாது என்று அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள்.

இந்தியாவில் இந்தப் படிப்பின் வரலாறு நூறாண்டைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிகில் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தது 1879-ல். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் என்.என். சென்குப்தாவின் தலைமையில் 1916-ல் துறை தொடங்கியது. மைசூரில் 1924-ல் எம்.வி. கோபாலசாமி தொடங்கினார், ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் 1935-ல் மைசூரில் சொந்தமாக வானொலி நிலையம் நடத்தியவரும் இந்த உளவியல் பேராசிரியர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் தலைமையில் 1943-ல் துறை வந்தது. மருத்துவமனை சார்ந்த உளவியல் பயிற்சி பெங்களூரில், பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆன அகில இந்திய மனநல நிறுவனத்தில், 1955 வாக்கில் ஆரம்பமானது.

நம் டெல்டாவுக்கு இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு 2004ஆம் ஆண்டு ஒன்றே போதும். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடலோரத்தை வாரிக்கொண்டு போனது. உயிர் தப்பியவர்களுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் எப்படித் துணை நிற்பது?

பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச்செய்து, அழவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்றுதான் நல்ல மனம் படைத்த யாருக்கும் தோன்றும். உலகெங்கும் பேரிடர்களுக்குப் பிறகு ஒரே அமர்வில் இதைச் செய்துவந்தார்கள். பிறகு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிற்காலத்தில் வரும் அதிர்ச்சிக் கோளாறை இந்த முறை தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் செய்திருந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி: பாதுகாப்பான இடம், சாப்பாடு, தண்ணீர், காணாமல் போன உறவினரைத் தேடித் தருவது, அவர்களாகப் பேசினால் காதுகொடுப்பது, பேசாவிட்டால் வற்புறுத்தாமல் இருப்பது, தொடர்ந்து உதவி தேவைப்படுபவரை உரிய இடத்தில் சேர்ப்பது. கேமராவும் மைக்கும் நீட்டி “அப்ப என்ன நடந்துச்சும்மா?” என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்பதும் இதிலிருந்தே தெரியும். நல்ல எண்ணம் மட்டும் போதாது, செய்வது பலிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதைத் தெரிந்த நூறு பேர் ஒரு மாவட்டத்தில் இருந்தால் அடுத்த பேரிடரின்போது எவ்வளவோ தேறும்.

இங்கே மனக்கஷ்டம் வந்தால் குடும்பம் முதலில் போவது பெரும்பாலும் டாக்டரிடம் இல்லை. தாராசுரத்துக்குப் பக்கத்தில் திருபுவனத்தில் இருப்பவர் கம்பகரேசுவரர், நடுக்கம் தீர்த்த பெருமான். கொஞ்சம் தள்ளித் திருவிடைமருதூர். வரகுண பாண்டியனைப் பிடித்த பிரமகத்தி கோயில் வாசலில் அவனைவிட்டு நீங்கியது என்பது தலபுராணம். செய்த தவறு பின்னாலேயே துரத்துகிறது, தூங்க விடவில்லை, கூடவே நடக்கிறது என்ற அனுபவத்துக்கு நம் ஊரில் ஏற்கெனவே கதை இருக்கிறது, வாசல் இருக்கிறது, வழிபாடு இருக்கிறது. இதைத் தள்ளிவிட்டுப் பேசும் உளவியலாளரிடம் யாரும் இரண்டாம் முறை வர மாட்டார்கள். டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலிலேயே 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்று இருக்கிறது. இது எதனால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், வீட்டில் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள், இதுவரை யார் யாரிடம் போனீர்கள் என்று அது கேட்கிறது. முதுநிலை மாணவர்கள் இதை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், பெரியவர்களிடம் தமிழில் கேட்டுப் பழக வேண்டும்.

கோயிலில் தங்கினால் மனநோய் குறையுமா என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை ஆர். ரகுராமும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆராய்ந்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். எல்லோருமே தீவிர மனநோய் உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். அங்கே சிறப்புச் சடங்கு ஒன்றும் செய்யப்படவில்லை. கோயில் வேலைகளில் பங்கெடுத்துக்கொண்டு, யாரும் விரட்டாத இடத்தில் இருந்தார்கள். நோய்க்குறி அளவுகோலில் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்ததும் முதுநிலை மாணவருக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் தோன்ற வேண்டும். ஒன்று, மரியாதையும் இருக்க இடமும் கிடைத்தால் தீவிர நோயாளிக்கும் நிலை மேம்படலாம் என்பதற்கு இது மதிப்புள்ள சான்று. மற்றொன்று, ஒப்பிட்டுப் பார்க்க, கோயிலுக்கு வராத இன்னொரு குழு இதில் இல்லை. நோய் முற்றிய கட்டத்தில்தான் குடும்பம் அழைத்து வருகிறது. முற்றிய நிலை ஆறு வாரத்தில் தானாகவும் சற்றுத் தணியலாம். ஆகவே மருந்து வேண்டாம், கோயில் போதும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. முந்தைய வருடம்தான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவையொட்டி நடத்தப்பட்ட காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். வழிபாட்டுத் தலத்தை நம்பி வருகிறவர்களுக்கு நடப்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. நம்பிக்கையை ஏளனம் செய்யவும் வேண்டாம், அதன் பெயரால் நடப்பதற்கெல்லாம் தலையாட்டவும் வேண்டாம்.

இப்போது பெற்றோர்கள் கேட்கும் கேள்விக்கு வருவோம்: படித்து முடித்தால் என்ன ஆகலாம்?

இதில் குழப்பம் அதிகம். எம்.எஸ்சி. முடித்தவுடன் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆகிவிட முடியாது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பை வைத்தே அந்தப் பெயரை வரையறுக்கிறது. நெடுநாளாக அதற்கான வழக்கமான பாதையாக இருந்தது, முதுநிலைக்குப் பிறகு மருத்துவமனையில் இரண்டு வருடம் முழுநேர எம்.பில். படிப்பு. ஆனால் எம்.பில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தது. சை.டி. (Psy.D.) போன்ற வேறு பட்டங்களும் ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கின்றன. இந்த விதிகள் மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. ஆகவே அக்கம்பக்கத்தில் கேட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சேரப்போகும் கல்லூரியின் பெயரும் அந்தப் படிப்பின் பெயரும் அந்த வருடத்து ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

மற்ற உளவியலாளர்களை 2021ஆம் ஆண்டு வந்த துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் கீழ் கொண்டுவந்திருக்கிறது. இதை ஒட்டித்தான் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. வேலை பார்த்துக்கொண்டே, குழந்தைகளை வளர்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் படித்த பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு கதவு அடைபட்டது எனக்கு வருத்தம்தான். ஆனால் எதிரே ஒரு மனிதரை உட்காரவைத்துப் பழகாமல், மேற்பார்வை இல்லாமல், ஒருவரை ஆலோசகராக்க முடியாது என்பதும் உண்மை. முடிவு சரி, அந்தப் பெண்களுக்கு மாலை நேர வகுப்பும் அருகிலேயே நேரடிக் கல்லூரியும் அமைத்துத் தர வேண்டிய பொறுப்பு அரசுக்கு வந்துவிட்டது. “வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி” என்று விளம்பரம் பார்த்தால் பணம் கட்டும் முன் இந்த அறிவிப்பை நினைவில் வையுங்கள்.

மனநல மருத்துவர் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவது அவர் வேலை. உளவியலாளர் மருந்து எழுத மாட்டார்.

எம்.எஸ்சி.யோடு நிற்பவர்களுக்கும் வேலை இருக்கிறது: பள்ளி, கல்லூரி ஆலோசகர், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள், ஆய்வு உதவியாளர். கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள், பொதுப் பிரிவினராக இருந்தால் 55 சதவீத மதிப்பெண்ணோடு, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோரோடு மருத்துவ உளவியலாளருக்கும் இடம் உண்டு. ஆரம்பச் சம்பளம் பொறியியல் படித்தவர்கள் வாங்கும் அளவுக்குப் பல இடங்களில் இருக்காது. அதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

தாராசுரத்திலிருந்து படிக்கப் போக வேண்டுமென்றால், திருவாரூரையடுத்த நீலக்குடியில் 2009-ல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் முதுநிலை இருக்கிறது. சேர்க்கை சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு வழியாக. மெயின் லைன் ரயிலில் மயிலாடுதுறை தாண்டினால் சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் துறைகள் உண்டு. கட்டடத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு, போன வருட மாணவர் ஒருவரைப் பிடித்து நான்கைந்து விஷயம் கேளுங்கள். களப்பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், எத்தனை வாரம்? அங்கே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவர் யார், கையெழுத்து மட்டும் போட்டவரா? சோதனைப் பெட்டிகளைத் தொட்டுப் பழக விட்டார்களா, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்களா? ஆய்வேட்டுக்குத் தரவை நீங்களே திரட்டினீர்களா?

சின்ன ஊரில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பாடத்திட்டம் அதிகம் பேசாத சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. சென்னையில் ஆலோசனைக்கு வந்தவரை மறுபடி தெருவில் பார்க்க வாய்ப்புக் குறைவு. தாராசுரத்தில் காலையில் உங்களிடம் அழுதவர் மாலையில் மளிகைக் கடையில் பக்கத்தில் நிற்பார். அவருடைய கொழுந்தனார் உங்கள் அண்ணனின் சிநேகிதராக இருப்பார். “எங்க வீட்டுப் பொண்ணு உங்ககிட்ட வந்துச்சாமே, என்ன பிரச்னை?” என்று மாமியார் உரிமையோடு கேட்பார். வந்தாளா இல்லையா என்பதைக்கூடச் சொல்லக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பதுபோன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. முதல் சந்திப்பிலேயே வந்தவரிடம் இதைப் பேசிவிட வேண்டும்: வெளியில் பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன். நெருங்கிய சொந்தமென்றால் அவரை நீங்கள் பார்க்காமல் வேறொருவரிடம் அனுப்புவதே முறை.

முதல் வருடத்திலேயே சொந்தக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். “நீதான் சைக்காலஜி படிக்கிறியே, உன் சித்தப்பாகிட்ட கொஞ்சம் பேசு, ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கறார்.” மறுக்க மனம் வராது. ஆனாலும் நீங்கள் இன்னும் மாணவர், அவர் உங்கள் சித்தப்பா. உட்கார்ந்து கேளுங்கள், நோயின் பெயர் சொல்லாதீர்கள், படித்த உத்தியை அவரிடம் முயன்று பார்க்காதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். அதுவரை தாங்காது என்று தோன்றினால் 14416 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.